கோமடேசர் கண்ட சாவுண்டராயர்

சிரவணபெளகொளத்திற்கு ஒருமுறையேனும் யாத்திரை செல்லாத தமிழ்ச் சமணக் குடும்பம் நம்மிடையே அரிது. விந்தியகிரியின் அறுநூறுக்கும் மேற்பட்ட படிகளை ஏறி முடித்து, மூச்சிரைக்க நிமிர்ந்து நோக்கும்பொழுது பகவான் பாகுபலியின் திருமுகம் ஒன்றே நம் கண்ணையும் கருத்தையும் கவர்ந்து கொள்கிறது. சுமார் 58 அடி உயரத்தை அண்ணாந்து பார்த்த கண்களைத் தாழ்த்தித் திருவடியின் பக்கம் செலுத்துவோர் மிகச் சிலரே. செலுத்துவோமாயின், கன்னட நாட்டின் நடுவே நம் தாய்மொழி நமக்காகக் காத்திருப்பதைக் காண்போம். 'ஸ்ரீ சாமுண்டராஜன் செய்வித்தான்' என்பது அங்கே கிரந்தமும் வட்டெழுத்தும் கலந்து பொறிக்கப்பட்டுள்ள வாசகம். இதே செய்தி கன்னடத்தில் 'ஸ்ரீ சாவுண்டராஜம் மாடிசிதம்' என்றும், நாகரி எழுத்தில் மராத்தி மொழியில் 'ஸ்ரீ சாவுண்டராஜேம் கரவியலேம்' என்றும் திருவடிகளின் பக்கங்களில் காணப்படுகிறது. நாகரி வாசகம் சற்றுப் பிற்பட்ட காலத்தது எனக் கருதும் அறிஞரும் உளர். மராத்தி மொழியின் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்றாக அது நெடுங்காலம் போற்றப்பட்டு வந்துள்ளது.

மூன்று மொழி யாத்திரிகர் அந்நாளிலேயே அங்கு வந்து வணங்கினர் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை. ஆனால் நாம் இங்கு ஆராய விரும்புவது மொழியை அன்று. அவ்வாசகத்தில் இல்லாத ஒன்றை. பெயர் இருக்கிறது, 'செய்வித்தான்' என்னும் வினை இருக்கிறது. பட்டம் ஒன்றுகூட இல்லை. பட்டங்களே பெறாத எளியவர் ஒருவர் இவ்வாறு பொறித்திருந்தால் வியப்பில்லை. சாவுண்டராயரோ பட்டங்களின் பட்டியலையே உடையவர். அப்பட்டங்கள் எவ்வாறு கிடைத்தன என்பதை அவரே எழுதியும் வைத்துள்ளார்.

அவர் வாழ்ந்த காலத்தை முதலில் சுருக்கமாக அறிந்துகொள்வோம். பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேலைக் கங்கர் தலைக்காட்டைத் தலைநகராகக் கொண்டு ஆண்டனர். இராட்டிரகூடப் பேரரசுக்கு அவர்கள் துணை அரசர். அந்தப் பேரரசு சரிந்துகொண்டிருந்த நேரம் அது. கங்க மன்னன் மாரசிம்மன் தன் தலைவரின் அரியணையைக் காக்க இயன்றவரை போராடினான், முடியவில்லை. 974-ஆம் ஆண்டையொட்டி, பங்காபுரத்தில் அஜிதசேன பட்டாரகரின் திருமுன் ஸல்லேகனை நோற்று உடல் நீத்தான். சந்திரகிரியில் உள்ள கூகே பிரமதேவர் கம்பத்தின் கல்வெட்டு அவனது வீரத்தையும் அவனது முடிவையும் சேர்த்தே கூறுகிறது. அவனால் முடிசூட்டப்பெற்ற கடைசி இராட்டிரகூடனாகிய நான்காம் இந்திரனும் 982-இல் சிரவணபெளகொளத்திலேயே ஸல்லேகனை ஏற்றான். பேரரசு ஒன்று இவ்வாறு உண்ணா நோன்பில் ஓய்ந்தது வரலாற்றில் அரிய நிகழ்ச்சி.

மாரசிம்மனுக்குப் பின் பட்டமேறியவன் நான்காம் இராசமல்லன். உள்ளே பங்காளிப் பகை. வெளியே சாளுக்கியர், நொளம்பர் முதலியோரின் நெருக்கடி. அந்நிலையில் கங்க நாடு சிதறாமல் நிலைத்ததற்குக் காரணம் அமைச்சராகவும் சேனாபதியாகவும் இருந்த சாவுண்டராயர் என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேற்றுமை இல்லை. அவர் பிரமக்ஷத்திர குலத்தவர். அன்னையார் காளலாதேவி. வலிமை மிக்க சேனாபதி ஒருவர் நிலைதளர்ந்த மன்னனைத் தள்ளிவிட்டுத் தாமே அரியணை ஏறிய கதைகள் நம் நாட்டு வரலாற்றில் மலிந்து கிடக்கின்றன. அதற்கு வேண்டிய வாய்ப்பும் வலிமையும் இவரிடம் இருந்தன. இவர் இறுதிவரை அமைச்சராகவே இருந்தார். இவர்தம் பண்புகளுள் நாம் முதலில் வைத்து எண்ணத்தக்கது இதுவே என்று கருதுகிறோம்.

இனிப் பட்டங்களுக்கு வருவோம். கேடகப் போரில் வஜ்ஜலதேவனை வென்றமையால் 'சமர துரந்தரர்'. கோனூர்க் களத்தில் நொளம்பருடன் பொருதமையால் 'வீர மார்த்தாண்டர்'. உச்சங்கிக் கோட்டையில் இராசாதித்தனை எதிர்த்து நின்றமையால் 'ரணரங்க சிங்கர்'. பாகெயூர்க் கோட்டையில் திரிபுவனவீரனை வீழ்த்தியமையால் 'வைரிகுல காலதண்டர்'. இவற்றோடு வேறுவகைப் பட்டங்களும் உண்டு. விளையாட்டுக்கும் பொய் உரையாதவர் ஆதலின் 'சத்திய யுதிஷ்டிரர்'. நற்காட்சியில் உறுதி பெற்றவர் ஆதலின் 'சம்யக்த்வ ரத்னாகரர்'. களத்தில் பெற்ற பெயர்களும் அறத்தில் பெற்ற பெயர்களும் ஒரே மனிதர் மேல் ஒருங்கே அமர்ந்திருப்பதைக் காணும் இன்றைய இளைஞர், "கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட நம் சமயத்தில் இஃது எவ்வாறு பொருந்தும்?" என்று வினவுவது இயல்பே. பாடம் நடத்தும் பெரியோர் பலர் இக்கேள்வியைக் கடந்து சென்றுவிடுவதை நாம் கண்டிருக்கிறோம். கடந்து செல்ல வேண்டிய கேள்வி அன்று இது.

நம் ஆசாரியர்கள் இம்சையை நால்வகையாகப் பகுத்துரைத்துள்ளனர். உயிரைக் கொல்ல வேண்டும் என்ற எண்ணத்தோடே செய்வது சங்கல்பீ. சமைத்தல், பெருக்குதல் போன்ற இல்லறக் கடமைகளில் தவிர்க்க இயலாமல் நேர்வது ஆரம்பீ. உழவு முதலிய தொழில்களில் நேர்வது உத்யோகீ. தன்னையும் தன்னை நம்பியோரையும் தாக்க வருவோரைத் தடுக்கும்பொழுது நேர்வது விரோதீ. துறவியர் நான்கையும் முற்றத் துறந்தவர். அணுவிரதம் ஏற்ற இல்லறத்தான் முதலாவதை முற்றும் விலக்க வேண்டும். ஏனைய மூன்றையும் இயன்றவரை குறைத்து விழிப்போடு நடக்க வேண்டும். இவ்விதியின்படி நாடு காக்கும் கடமை பூண்ட சேனாபதி போர்க்களம் புகுவது விரோதீ என்னும் பகுதியில் அடங்கும். பெரும்பாலான போர்களுக்கு இவ்விளக்கம் போதுமானதே.

ஆனால் பட்டங்களுள் ஒன்று மட்டும் இவ்விளக்கத்திற்குள் எளிதில் அடங்குவதாக நமக்குத் தோன்றவில்லை. அது 'சமர பரசுராமர்' என்பது. சாவுண்டராயரின் உடன்பிறந்தான் நாகவர்மனை முதுராசய்யன் என்பவன் கொன்றான். அவனைச் சாவுண்டராயர் தேடி வீழ்த்தினார். அதனால் வந்தது அப்பெயர். தந்தைக்காகப் பழி தீர்த்த பரசுராமனின் பெயரை, உடன்பிறந்தானுக்காகப் பழி தீர்த்தவருக்குச் சூட்டினர். முதுராசய்யன் அரசுக்கும் பகைவனே; ஆகவே அரச கடமை என்று சமாதானம் கூறலாம். ஆயினும் சூட்டப்பெற்ற பெயரே பழி என்னும் உணர்வைத் தாங்கி நிற்கிறது. இதனைச் சாவுண்டராயர் மறைக்கவில்லை. தம் புராணத்திலேயே பதிவு செய்துள்ளார். அவர் மறைக்காததை நாம் மூடி மெழுகுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

அப்புராணம் 978-இல், சக ஆண்டு 900-இல், முடிக்கப்பெற்றது. 'திரிஷஷ்டி லக்ஷண மகாபுராணம்' என்பது அதன் பெயர். 'சாவுண்டராய புராணம்' என்றே வழங்கும். இருபத்து நான்கு தீர்த்தங்கரர், பன்னிரு சக்கரவர்த்திகள், பலதேவ வாசுதேவ பிரதிவாசுதேவர் ஒன்பதின்மர் ஒன்பதின்மர் ஆக அறுபத்து மூவர் வரலாற்றைக் கூறுவது. ஜினசேனரின் ஆதிபுராணமும் குணபத்திரரின் உத்தரபுராணமும் இதற்கு மூலம். புலவர்கள் செய்யுளும் உரைநடையும் விரவிய சம்பு நடையில் திளைத்திருந்த காலத்தில், இவர் கற்றோர் அல்லாதாரும் கேட்டு அறியும் வண்ணம் கன்னட உரைநடையைத் தேர்ந்தெடுத்தார். இன்று கிடைக்கும் கன்னட உரைநடை நூல்களுள் 'வட்டாராதனை'க்கு அடுத்த பழமை உடையது இதுவே என்பர். நம் இல்லங்களில் ஓதப்பெறும் ஸ்ரீபுராணமும் இதே மகாபுராண மரபில் மணிப்பிரவாள உரைநடையாக எழுந்ததே அன்றோ! ஸ்ரீபுராணத்தில் பழகிய நம் பெரியோர்க்குச் சாவுண்டராய புராணத்தின் உள்ளடக்கம் புதியதாக இராது. போர்களுக்கு இடையே இவ்வளவு பெரிய நூலை எழுதி முடித்தவர், இல்லறத்தார் துறவறத்தார் ஒழுக்கம் பற்றி வடமொழியில் 'சாரித்ரசாரம்' என்ற நூலையும் இயற்றினார்.

அவர்தம் கல்விக்கு அஜிதசேனர் அடித்தளம் இட்டார் எனில், நிறைவு தந்தவர் நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி. இவர்கள் இருவரையும் பற்றி ஒரு செய்தி மரபில் வழங்குகிறது. நேமிசந்திராசாரியர் தவளம் என்னும் பேருரையை ஓதிக்கொண்டிருந்தாராம். சாவுண்டராயர் உள்ளே நுழைந்ததும் சுவடியைக் கட்டி வைத்துவிட்டாராம். காரணம் கேட்டபொழுது, "இல்லறத்தார் இதனை ஓதக் கேட்கும் உரிமை உடையவர் அல்லர்" என்றாராம். நாட்டையே ஆட்டிப் படைக்கும் அமைச்சர் சினம் கொள்ளவில்லை. "அவ்வாறாயின் எம் போன்றோர் கற்கத்தக்க வகையில் அதன் சாரத்தை அருளுக" என்று வேண்டினாராம். அதன் பயனாக எழுந்தது 'கோம்மடசாரம்'. இக்கதை நிகழ்ந்தவாறே நிகழ்ந்ததோ, பின்னோர் புனைந்ததோ. ஷட்கண்டாகமத்தின் பொருளைத் திரட்டித் தரும் அந்நூல் சாவுண்டராயர் பொருட்டே செய்யப்பெற்றது என்பதில் ஐயமில்லை. ஜீவகாண்டம், கர்மகாண்டம் என்று இரு பகுதிகள் உடையது அது. கோம்மடர் என்பது சாவுண்டராயரின் செல்லப் பெயர் என்றும், அதனாலேயே நூலுக்கும் பின்னர்ச் சிலைக்கும் அப்பெயர் அமைந்தது என்றும் பேராசிரியர் ஏ. என். உபாத்யே நிறுவியுள்ளார். கர்மகாண்டத்தின் இறுதியில் ஆசாரியர் தம் மாணாக்கரை வாழ்த்தி, அவர் எழுப்பிய திருவுருவையும் கம்பத்தையும் போற்றுகிறார். கர்ம சித்தாந்தம் பயிலும் அன்பர்கள் இன்றும் கையில் எடுக்கும் நூல் ஒரு சேனாபதியின் வேண்டுகோளால் பிறந்தது என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

இனித் திருவுருவைப் பற்றி. 978-இல் முடிந்த புராணம் தம் போர்களையும் பட்டங்களையும் கூறும். கோமடேசர் சிலையைப் பற்றி ஒரு சொல்லும் கூறாது. 993-இல் கவி ரன்னர் பாடிய அஜிதபுராணமோ, அத்திமப்பை என்னும் பெருமாட்டி குக்குடேசுவரரை வணங்கிய செய்தியைக் கூறுகிறது. ஆகவே இவ்விரு ஆண்டுகளுக்கும் இடையிலேயே சிலை எழுந்திருத்தல் வேண்டும். 981 மார்ச் 13 என்பது பலரும் ஏற்கும் நாள். அதனை ஒட்டியே 1981-இல் ஆயிரம் ஆண்டு நிறைவும் மகாமஸ்தகாபிஷேகமும் பெருவிழாவாக நடந்தன. அதன் பின் 1993, 2006, 2018 ஆகிய ஆண்டுகளிலும் அபிஷேகம் நிகழ்ந்தது.

சிலை எழுந்த காரணத்தை, 1180-ஐ ஒட்டிப் போப்பண பண்டிதர் இயற்றிய கன்னடக் கல்வெட்டு உரைக்கிறது. பரத சக்கரவர்த்தி பௌதனபுரத்தில் தம் தம்பிக்கு ஒரு பேருருவம் அமைத்தார்; காலப்போக்கில் குக்குட சர்ப்பங்கள் அவ்விடத்தைச் சூழ்ந்துகொண்டன; அதனைத் தரிசிக்க விழைந்த சாவுண்டராயர், அங்குச் செல்ல இயலாது என்று அறிந்து, இங்கேயே ஓர் உருவம் அமைக்கத் துணிந்தார் என்பது அதன் சாரம். அன்னை காளலாதேவியின் நோன்பு, கூஷ்மாண்டினி யக்ஷி கனவில் தோன்றியது, சந்திரகிரியிலிருந்து எய்த பொன் அம்பு ஆகிய செய்திகள் எல்லாம் இதற்கும் பிற்பட்ட நூல்களில் வருவன. நாம் குழந்தைகளுக்குச் சொல்லும் கதையில் அம்பு முன்னே வருகிறது. வரலாற்றில் அது பின்னே வருகிறது.

கருங்கல் மலையின் உச்சியில் ஒரே பாறையைக் குடைந்து, வடக்கு நோக்கி, தொடைக்கு மேல் எவ்விதப் பிடிமானமும் இன்றிக் காயோத்சர்க்க நிலையில் நிற்கிறது திருவுருவம். இருமருங்கும் புற்றுகள், அவற்றினின்று தலை நீட்டும் பாம்புகள், தொடையிலும் தோளிலும் படர்ந்த மாதவி, நாம் குருக்கத்தி என்னும் கொடி. திருமலையில் சுமார் 16 அடி உயரம் உள்ள சிகாமணிநாதர் முன் நின்றே நாம் சிறுத்துப் போகிறோம். அதனைப்போல் மூன்றரை மடங்குக்கும் மேலானது இது. பாகுபலி வழிபாடு அங்குப் புதிதாகத் தோன்றியது அன்று. நம் கழுகுமலைப் பாறையில் அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே பிராமி, சுந்தரி இருவரும் பக்கத்தில் நிற்கப் பாகுபலி செதுக்கப்பட்டுவிட்டார். சாவுண்டராயர் செய்தது அவ்வுருவை மலையளவு ஆக்கியதே.

ஏன் பாகுபலி? அவர் தீர்த்தங்கரர் அல்லர். நாட்டின் முதல் அமைச்சர், வேண்டியிருந்தால் ஆதிபகவனுக்கோ தாம் வணங்கிய நேமிநாதருக்கோ இப்பேருருவை எடுத்திருக்கலாம். ஆதிபுராணக் கதையை நினைவுகூர்வோம். திக்விஜயம் முடித்த பரதரின் சக்கராயுதம், தம்பியர் பணியாமையால் அயோத்தியின் வாயிலில் நின்றுவிட்டது. படைகள் மடிய வேண்டா என்று அமைச்சர் வேண்ட, உடன்பிறந்தார் இருவரும் பார்வைப் போர், நீர்ப்போர், மற்போர் மூன்றிலும் தாமே பொருதனர். மூன்றிலும் பாகுபலியே வென்றார். மற்போரில் அண்ணனைத் தூக்கியவர், நிலத்தில் மோதாமல் மெல்ல இறக்கி வைத்தார். நாணம் மேலிட்ட பரதர் சக்கரத்தை ஏவ, அது பாகுபலியை வலம் வந்து நின்றது. வென்ற நாட்டை அண்ணனிடமே விட்டுத் தவம் மேற்கொண்டார் பாகுபலி. ஓராண்டு அசையாது நின்றும் கேவலஞானம் தோன்றவில்லை. 'என்னால் அண்ணன் துன்புற்றான்' என்னும் சிறு முள் நெஞ்சில் எஞ்சியிருந்தது என்கிறார் ஜினசேனர். பரதர் வந்து வணங்கியபின்பே அது நீங்கியது.

இந்தக் கதையைத் தம் கையால் கன்னடத்தில் எழுதியவர் சாவுண்டராயர். உடன்பிறந்தானைக் கொன்றவன் மேல் ஓங்கிய கையை நிறுத்தாதவரும் அவரே. ஓங்கிய கையை நிறுத்தியவரின் உருவத்தையே அவர் நாடெங்கும் காண எடுத்தார். இவ்விரண்டையும் அவர் எங்கும் இணைத்துப் பேசவில்லை. ஆகவே அவர் உள்ளத்தில் இதுதான் இருந்தது என்று நாமும் துணிந்து கூறுதல் தகாது. ஆனால் புராணத்தின் பாகுபலி சருக்கத்தையும், பட்டங்களைக் கூறும் பகுதியையும் ஒருசேரப் படிக்கும் எவரும் இதனை எண்ணாமல் இருக்க இயலாது என்றே நினைக்கிறோம்.

முதல் அபிஷேகம் பற்றிய கதை யாவரும் அறிந்தது. குடங்குடமாகப் பால் சொரிந்தும் அது கொப்பூழுக்குக் கீழே இறங்கவில்லை. குல்லகாய் என்னும் காயின் ஓட்டில் சிறிது பால் கொணர்ந்த ஏழை மூதாட்டி ஊற்றியதும் திருவடிவரை பெருகி மலையையே நனைத்தது என்பர். அவ்வம்மையை யக்ஷியின் வடிவம் என்று கூறுவர். நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. சாவுண்டராயரின் செருக்கைக் குத்திக்காட்டும் இக்கதையைச் சொல்லும் மரபே அவரைப் போற்றும் மரபும் ஆகும். அம்மூதாட்டி, 'குல்லகாயஜ்ஜி', கோமடேசருக்கு எதிரே வாயிலில் கையில் காயை ஏந்திச் சிலையாக நிற்கிறாள். சிலை செய்வித்தவருக்கு நினைவுக்கல். அவரைத் திருத்தியவளுக்குத் திருவுருவம்!

அவர் ஆதரித்தோருள் கவி ரன்னர் குறிப்பிடத்தக்கவர். வளையல் வணிகக் குடியில் பிறந்த இளைஞரைக் குலம் நோக்காது ஆதரித்தார் சாவுண்டராயர். நன்றி மறவாத ரன்னர் தம் மகனுக்கு ராயன் என்றும், பின்னர்த் தம்மைப் புரந்த பெருமாட்டியின் பெயரால் மகளுக்கு அத்திமப்பை என்றும் பெயரிட்டார். சாவுண்டராயரின் மகன் ஜினதேவணன் சந்திரகிரியில் தந்தையார் பெயரால் வழங்கும் பசதியின் மேல்தளத்தில் பார்சுவநாதரை எழுந்தருளச் செய்தான்.

சாவுண்டராயர் காத்த அரசு நெடுநாள் நிலைக்கவில்லை. 1004-ஐ ஒட்டித் தலைக்காடு சோழர் வசமாயிற்று. கங்கர் ஆட்சி முடிந்தது. நூறாண்டுகளுக்கும் பின், போசள விஷ்ணுவர்த்தனனின் சேனாபதியும் சமணருமான கங்கராஜர் தலைக்காட்டை மீட்டார். கோமடேசரைச் சுற்றித் திருச்சுற்றாலையும் எடுப்பித்தார்.

சாவுண்டராயர் தம் வரலாற்றை விரிவாகப் பொறித்து வைத்த இடம் ஒன்று உண்டு. அது விந்தியகிரியில் ஏறும் வழியில் உள்ள தியாகத பிரமதேவர் கம்பம். அவர் அங்கே அமர்ந்து கொடை வழங்கினார் என்பதால் அப்பெயர். கோமடேசரைக் காணும் விரைவில் பலர் இதனைக் கவனியாது செல்வர். கம்பத்தின் நான்கு முகங்களிலும் நீண்ட கல்வெட்டு இருந்தது. சுமார் 1200-இல் ஹெக்கடே கண்ணன் என்பவன், தான் அங்கு ஒரு யக்ஷனை அமைத்ததை இரண்டரை வரியில் பொறிப்பதற்காக மூன்று முகங்களின் எழுத்துகளைச் செதுக்கி அழித்துவிட்டான். சிலை எழுந்த ஆண்டும் வரலாறும் அவற்றோடு மறைந்தன என்று கல்வெட்டறிஞர் வருந்துவர். வடக்கு முகம் மட்டும் எஞ்சியது. அதில் உள்ளவை போர்களே. கம்பத்தின் அடியில், தெற்கு முகத்தில், இரு சிறிய உருவங்கள் இருக்கின்றன. கவரி வீசுவோர் நடுவே அமர்ந்திருப்பவர் சாவுண்டராயர் என்றும், மற்றவர் நேமிசந்திராசாரியர் என்றும் கூறுவர். அடுத்த முறை படியேறும்பொழுது அங்கே சற்று நின்று பார்த்துச் செல்க.